ஊரைச் சுருட்டும் உருண்டை: கட்டமரி டமாசி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விருந்தாளிகள் வந்திருக்கும்போது கட்டமரி டமாசி என்ற இந்த வீடியோ கேமைப் போட்டால் அன்றைக்கு வேறு பேச்சு ஓடாது. திரையில் ஓர் உருண்டை. அதில் ஒட்டியபடி பென்சில், நண்டு, சைக்கிள், அலறுகிற போலீஸ்காரர். பார்ப்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு கேட்க ஆரம்பிக்கிறார்கள். ஒரே கேள்விகளுக்குப் பலமுறை பதில் சொல்லி அலுத்துப்போனதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். நான் இதன் ரசிகன்தான். ஆனாலும் இதன் குறைகளுக்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை, ஒன்றைத் தவிர.

இதில் என்னதான் செய்ய வேண்டும்?

உருட்ட வேண்டும். பேரண்டத்தின் அரசர் ஒருநாள் இரவு அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு வானத்து நட்சத்திரங்களை எல்லாம் நொறுக்கிவிடுகிறார். நிலாவும் போய்விடுகிறது. போதை தெளிந்ததும் அதைச் சரிசெய்யும் வேலையை மகன் தலையில் கட்டுகிறார். மகனின் உயரம் ஐந்து சென்டிமீட்டர். அவன் பூமிக்கு வந்து, தொட்டதெல்லாம் ஒட்டிக்கொள்ளும் ஒரு பந்தை உருட்டிப் பெரிதாக்கித் தர வேண்டும். அது போதிய அளவுக்கு வளர்ந்தால் அரசர் அதை வானத்தில் எறிந்து நட்சத்திரமாக்குவார்.

தன்னைவிடச் சிறிய பொருள்தான் பந்தில் ஒட்டும். பெரியதில் மோதினால் ஒட்டியவற்றில் சில உதிர்ந்துவிடும். விதி என்று சொல்ல இவை இரண்டும்தான் உண்டு. துப்பாக்கியும் இல்லை, ஒழித்துக்கட்ட எதிரியும் இல்லை.

பெயருக்கு என்ன பொருள்? கட்டுமரத்தோடு ஏதாவது உறவா?

இல்லை. ‘கட்டமரி’ என்றால் ஜப்பானிய மொழியில் உருண்டை, கட்டி, திரள். ‘தமாஷி’ என்றால் ஆன்மா, உயிர்த்துடிப்பு. இரண்டும் சேரும்போது பின்சொல்லின் முதல் ஒலி ‘ட’ ஆகி மெலிகிறது. அவர்கள் மொழியின் புணர்ச்சி அது. ‘உருண்டையின் உயிர்’ என்று வைத்துக்கொள்ளலாம். கட்டியைக் குறிக்கும் எழுத்தும் ஆன்மாவைக் குறிக்கும் எழுத்தும் ஜப்பானிய எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பவை. தலைப்பை எழுதிப் பார்த்தால் ஒரே எழுத்தைக் கொஞ்சம் மாற்றி இருமுறை எழுதியதுபோல் தெரியும். அந்தக் கண்கட்டு வித்தை மொழிபெயர்ப்பில் வராது. நம் காதுக்கு ‘தமாஷ்’ என்று கேட்பது தற்செயல், ஆனால் பொருந்தாமல் இல்லை.

இப்படி ஒன்றை யார் யோசித்தது?

கெய்தா தகாஹாஷி. முசாஷினோ கலைப் பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்தவர். படிக்கும் காலத்தில் ஆடு வடிவத்தில் ஒரு பூந்தொட்டி செய்திருக்கிறார். செடிக்கு நீர் ஊற்றினால் மிச்ச நீர் ஆட்டின் மடி வழியாகச் சொட்டும். இதைக் கேள்விப்பட்ட பிறகு இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு வியப்பு குறைந்துவிட்டது. அந்தத் தொட்டியைச் செய்தவர் வேறு எதைச் செய்வார்?

1999இல் நாம்கோ என்ற ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனத்தில் ஓவியக் கலைஞராகச் சேர்ந்தார். கட்டமரி டமாசி 2004 மார்ச்சில் டிவியோடு இணைத்து விளையாடும் ப்ளேஸ்டேஷன் 2 கன்சோலுக்காக ஜப்பானில் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே புதிய விளையாட்டுகள் ஐம்பது டாலருக்கு விற்ற காலத்தில் இதற்கு இருபது டாலர்தான் விலை. ஐரோப்பாவில் அப்போது வெளியிடவே இல்லை. செலவும் குறைவு: பத்து லட்சம் டாலருக்குள் முடித்துவிட்டதாகச் சொல்வார்கள். உள்ளே வரும் பொருள்களின் உருவங்களைச் செய்ததில் நாம்கோ தொடர்புடைய பயிற்சிக்கூடத்து மாணவர்களுக்கும் பங்கு உண்டு.

உருட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது?

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் கன்ட்ரோலரைக் கையில் கொடுத்துவிடுவது சுலபம். முயன்று பார்க்கிறேன்.

முதல் கட்டம் ஒரு ஜப்பானிய வீட்டில், பாய் விரித்த அறையில் நடக்கிறது. மூன்று நிமிடத்தில் உருண்டை பத்து சென்டிமீட்டர் ஆக வேண்டும். எறும்பின் கண் எந்த உயரத்திலிருந்து பார்க்குமோ ஏறக்குறைய அந்த உயரத்திலிருந்து நீங்கள் பார்க்கிறீர்கள். டிராயிங் பின், பகடை, மிட்டாய் என்று பொறுக்க வேண்டியதுதான். நடுவில் ஓர் எலி வந்து முட்டித் தள்ளும், ஒட்டியவை நாலு சிதறும். மேசைக்கால் பனைமரம் போல நிற்கும். அடுத்தடுத்த கட்டங்களில் வாசலைத் தாண்டுகிறீர்கள். அங்கே ஒரு பூனை. அது உங்களைப் பந்தாடும். நீங்கள் ஓடி ஒளிய வேண்டும். பூந்தொட்டிக்குப் பின்னால் போய் ரப்பர், பழம், செருப்பு என்று பொறுக்கித் தேற்றிக்கொண்டு இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால் அதே பூனை இப்போது ஓடுகிறது. துரத்திப் பிடித்து ஒட்டிக்கொண்டு போகலாம். கால்களை உதைத்துக்கொண்டு கத்தும். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பதை இதைவிடக் கச்சிதமாக யாரும் செய்து காட்டி நான் பார்த்ததில்லை.

வேறு விளையாட்டுகளில் பலம் கூடினால் ஓர் எண் கூடும்: நிலை 12, நிலை 13. இங்கே எண் பெயருக்குத்தான். பலம் கூடியதை ஊர் சொல்கிறது. சுவராக நின்றது படியாகிறது, படி வெறும் கோடாகிறது, அப்புறம் அது கண்ணிலேயே படுவதில்லை. கடைசிப் பெரிய கட்டத்தில் இருபத்தைந்து நிமிடத்தில் உருண்டையை 300 மீட்டருக்கு வளர்த்து நிலாவாக்க வேண்டும். வேலியில் தொடங்கி, கார், மரம், கட்டடம், கப்பல், கடைசியில் தீவும் மேகமும் வானவில்லும்கூட ஒட்டுகின்றன. வானவில் ஒட்டும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், மிட்டாய் ஒட்டியபோது வந்ததுபோல. அந்த அலட்சியம்தான் என்னைச் சாய்த்தது.

இன்னொன்று, இது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உருண்டைக்கு உண்மையிலேயே வடிவம் உண்டு. ஒரு பென்சில் குறுக்கே ஒட்டிக்கொண்டால் அது துருத்திக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் உருண்டை எகிறி எகிறி விழும். அந்தத் துருத்தல் மூழ்கும்வரை மற்றப் பக்கங்களில் சதை பிடிக்க வைக்க வேண்டும். சில சமயம் அந்தப் பென்சிலையே ஊன்றுகோலாக்கி ஏற முடியாத படியில் ஏறிவிடலாம். யாரும் கற்றுத்தராமல் கைக்குத் தானாகப் பிடிபடுகிற வித்தை அது.

உருவங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கின்றனவே? பழைய விளையாட்டு என்பதாலா?

2004இலேயே இதைவிட நுணுக்கமான உருவங்களோடு விளையாட்டுகள் வந்துகொண்டிருந்தன. இங்கே மாடு ஒரு பெட்டி, மனிதர் இரண்டு பெட்டி. ஒவ்வொன்றையும் எளிமையாக வைத்ததால்தான் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒரே நேரத்தில் அந்தப் பழைய கன்சோலால் காட்ட முடிந்தது. நீங்கள் வளர வளரச் சிறிய பொருள்கள் ஓசைப்படாமல் காணாமல் போய்விடுவதும் அதற்காகத்தான். வறுமைக்குச் செய்த ஏற்பாடு அழகாகவும் அமைந்துவிட்டது என்பது என் கருத்து. நுணுக்கமாகச் செய்த உருவங்கள் பத்தே ஆண்டில் கிழடு தட்டிவிடும். பெட்டி மாட்டுக்கு வயதே ஆகாது.

பொருள்களை வைத்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். பின்கள் வரிசை கட்டி நிற்கும், யார் வீட்டிலும் அப்படி நிற்காது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கியவரின் குறும்பு அதில் தெரிகிறது.

பாட்டு ஏன் தலையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது?

யூ மியாகே தலைமையில் அமைந்த இசை. வீடியோ கேம் இசை என்றதும் நாம் எதிர்பார்க்கும் ஒற்றை மெட்டு இதில் இல்லை. வாயாலேயே ‘ந நா நா’ என்று முணுமுணுக்கும் தொடக்கம், ஆடம்பரமான முகப்புப் பாட்டு, ஜாஸ், குழந்தைகளின் கூட்டுக்குரல் என்று கட்டத்துக்குக் கட்டம் மாறுகிறது. பல பாட்டுகளில் முழுப் பல்லவியும் சரணமும் உண்டு. தொண்ணூறுகளில் தோக்கியோவின் ஷிபுயா பகுதியின் பெயரால் அறியப்பட்ட பாப் இசையின் சாயல் பலவற்றில் கேட்கும். பாட்டுக்காக மட்டும் இதை வாங்கினாலும் பணம் வீண் இல்லை.

கட்டுப்படுத்துவது ஏன் இவ்வளவு தொல்லை?

நான் வக்காலத்து வாங்கும் ஒரே குறை இது.

கன்ட்ரோலரில் உள்ள இரண்டு அனலாக் ஸ்டிக்கையும், அதாவது கட்டைவிரலால் சாய்க்கும் குட்டிக் குச்சிகளை, சேர்த்துப் பிடித்துத்தான் உருட்ட வேண்டும். இரண்டையும் முன்னால் தள்ளினால் உருண்டை நேரே போகும். வலதை மட்டும் தள்ளினால் இடப்பக்கம் திரும்பும். தள்ளுவண்டியின் இரு கைப்பிடிகளை நினைத்துக்கொள்ளுங்கள், அதே கணக்கு. இரண்டையும் மாற்றி மாற்றி வேகமாக ஆட்டினால் இளவரசன் பாய்ந்து ஓடுவான். இரண்டையும் ஒன்றாக அமுக்கினால் உருண்டையைத் தாண்டி மறுபக்கம் குதிப்பான்.

முதல் அரை மணி நேரம் கட்டைவிரல்கள் ஒன்றோடொன்று சண்டை போடும். சுவர் மூலையில் சிக்கினால் வெளியே வருவதற்குள் நேரம் போய்விடும். என் அக்கா மகள் முதல்நாள் கன்ட்ரோலரைச் சோபாவில் எறிந்துவிட்டு, “மாமா, இது கெட்டுப்போயிருக்கிறது” என்று சொல்லிவிட்டாள். நியாயமான புகார். ஆனால் ஒரே ஸ்டிக்கில் வழுக்கிக்கொண்டு போனால் அந்த எடை கையில் தெரியாது. ஐந்து சென்டிமீட்டர் பையன் ஒரு பெரும்பாரத்தைத் தள்ளுகிறான். அது சுலபமாக இருந்தால்தான் தப்பு. மூன்றாம் நாள் அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

கேமரா?

இதற்கு என்னிடம் வாதம் கிடையாது. கேமரா உருண்டைக்குப் பின்னால்தான் நிற்கும், அதைத் தனியாகத் திருப்ப வழியில்லை. இரண்டு ஸ்டிக்கும் உருட்டுவதற்கே போய்விட்டனவே. மேசைக்கு அடியிலோ குறுகிய சந்திலோ நுழைந்தால் திரை முழுக்க மேசைக்கால் ஒன்றுதான் தெரியும். உருண்டை பெரிதாகிவிட்டால் எதிரே இருப்பதை அதுவே மறைக்கும். எதில் மோதினோம் என்றே தெரியாமல் ஒட்டியவற்றை இழப்பது எரிச்சல். எட்டிப் பார்க்கவும் எம்பிப் பார்க்கவும் தனி பட்டன்கள் உண்டு. அவசரத்தில் அவற்றை யார் நினைப்பது?

அந்த அரசர் ஏன் எப்போதும் திட்டிக்கொண்டே இருக்கிறார்?

அவர் குணம் அது. குடித்துவிட்டு வானத்தை உடைத்தவர் அவர், வேலை செய்பவன் மகன், குறை சொல்பவரும் அவரேதான். பழைய நாடக ராஜாக்கள் போலத் தன்னை ‘நாம்’ என்றே சொல்லிக்கொள்வார். பேசும்போது குரலுக்குப் பதில் இசைத்தட்டைத் தேய்க்கும் சத்தம் வரும். பத்து சென்டிமீட்டர் கேட்டு நீங்கள் பதினைந்து கொடுத்தால், இது போதுமா என்று இழுப்பார். பத்தே கொடுத்தால் அதற்கும் ஒரு முகச்சுளிப்பு. தோற்றால் வசவு நீளும்.

முதல் ஐந்தாறு தடவை இது அருமையான நகைச்சுவை. அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த மேலாளரை அடையாளம் தெரியும். பத்தாவது தடவை அதே பேச்சை வரிவரியாகத் தட்டித் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும்போது சிரிப்பு வருவதில்லை. ஒரு கட்டத்தில் தோற்று உடனே மறுபடி முயலத் துடிப்பவனை உட்கார வைத்து உபதேசம் செய்வது பெரிய பிழை.

பசுக் கட்டத்தைச் சிலர் வெறுக்கிறார்களே?

வெறுக்கத்தான் வேண்டும். நட்சத்திரங்களைத் தவிர ராசிகளையும் மற்ற விண்மீன் மண்டலங்களையும் சரிசெய்ய வேண்டும். கடகத்துக்கு நண்டுகள், மீனத்துக்கு மீன்கள் என்று எண்ணிக்கை சேர்ப்பது நன்றாகவே இருக்கிறது. ரிஷபத்துக்கு மட்டும் ஒரே ஒரு பசு, அதுவும் முடிந்தவரை பெரிய பசு. முதல் பசு ஒட்டிய அந்தக் கணமே கட்டம் முடிந்துவிடும். கரடிக்கும் இதே விதி.

பசு என்றால் அசல் பசு மட்டுமா? இங்கேதான் சூது. பசு பொம்மையும் பசுதான், பால் பெட்டியும் பசுக் கணக்குதான். அக்கா மகள் ஏழெட்டு நிமிடம் பொறுமையாக வளைந்து வளைந்து உருண்டையை வளர்த்து, வயல்வெளியில் நின்ற பெரிய காளையைக் குறிவைத்து ஓடினாள். ஓரத்தில் கிடந்த ஒரு பால் பெட்டி ஒட்டியது. கட்டம் முடிந்தது. அரசர் தோன்றி, இந்தப் பசு இத்துனூண்டு இருக்கிறதே என்று ஆரம்பித்தார். அவள் டிவியை அணைத்துவிட்டாள். இரவுச் சாப்பாட்டுக்குக் கிளாஸில் பாலை ஊற்றினபோது என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

யோசனையாகப் பார்த்தால் இது புத்திசாலித்தனம்: விளையாட்டு முழுக்க எதையும் தொடு என்று பழக்கிவிட்டு, திடீரென்று தொடாதே என்கிறது. விளையாடிப் பார்த்தால் வயிற்றெரிச்சல்.

சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பது உண்மையா?

உண்மை. கதையை முடிக்க ஐந்தாறு மணி நேரம் போதும். விளையாடும் இடங்களும் மொத்தத்தில் மூன்றே: வீடு, ஊர், உலகம். அவற்றையேதான் வெவ்வேறு அளவுகளில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். இருபது டாலர் விலைக்கு அது குறையாகத் தெரியவில்லை.

எனக்கு நீளத்தைவிடக் கடிகாரத்தின் மேல்தான் கோபம். உருண்டை ஒரு தெருவையே விழுங்கும் அளவுக்கு வந்து, இனி எல்லாம் நம்முடையது என்று நிமிரும் நேரத்தில் மணி அடித்துவிடும். நன்றாகச் செய்தால் சில கட்டங்களுக்கு நேர வரம்பில்லாத வடிவம் திறக்கும். அதிலோ எல்லாவற்றையும் சுருட்டிய பின் காலி மைதானத்தில் சுற்றுவதுதான் மிச்சம். கடிகாரம் இருந்தாலும் குறை, இல்லாவிட்டாலும் குறை. இதை எப்படிச் சரிசெய்வது என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

நுகர்வு வெறியைக் கிண்டல் செய்யும் விளையாட்டு என்கிறார்களே?

அப்படிப் படிக்க இடமிருக்கிறது. பொருள், பொருள், மேலும் பொருள் என்று திரட்டி, கடைசியில் அதை வானத்தில் வீசி எறிவதுதானே கதை. ஆனால் திட்டுகிற தொனி எங்கும் இல்லை. சுருட்டிய ஒவ்வொன்றும் ஒரு பட்டியலில் ஏறும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் குறிப்பு இருக்கும். ஒரு தீக்குச்சியைப் பற்றிக்கூட யாரோ உட்கார்ந்து ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். பொருள்களை வெறுப்பவர் அதைச் செய்யமாட்டார்.

நடுநடுவே ஹோஷினோ என்ற குடும்பத்தின் கதையும் ஓடும். அப்பா விண்வெளி வீரர். நிலாவே இல்லாமல் போனதால் அவருடைய பயணம் நின்றுவிடுகிறது. நட்சத்திரம் ஒவ்வொன்றாகத் திரும்புவதை மகள் மட்டும் உணர்கிறாள், யாரும் நம்புவதில்லை. விறைத்த நடிப்பு, மந்தமான காட்சிகள். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் நான் பாதியில் தண்ணீர் குடிக்க எழுந்துவிடுவேன்.

அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களாமே?

ஆமாம். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் முதன்முறையாகப் பதினான்கு வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அதில் இதுவும் ஒன்று. நாம்கோவின் பேக்-மேனும் அதே பட்டியலில் இருக்கிறது. இரண்டிலும் வேலை ஒன்றுதான் என்பதைக் கவனித்தீர்களா? வழியில் இருப்பதை எல்லாம் விழுங்கிக்கொண்டே போவது.

தொடர்ச்சிகள் எப்படி? எதில் தொடங்கலாம்?

2005இல் வந்த ‘வீ லவ் கட்டமரி’ இரண்டாவது. தொடர்ச்சி எடுப்பதில் தகாஹாஷிக்கு அவ்வளவு விருப்பம் இல்லை. அதனாலோ என்னவோ, முதல் விளையாட்டின் ரசிகர்கள் வந்து அரசரிடம் உருட்டித் தரச்சொல்லிக் கேட்பதையே கதையாக்கிவிட்டார். கட்டங்கள் முதலாவதைவிட வகைவகையானவை. இரண்டு பேர் சேர்ந்து ஒரே உருண்டையை ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளலாம். கணவன் மனைவிக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோக விரும்பினால் முயன்று பாருங்கள்.

அதற்குப் பின் வந்தவற்றில் அவர் கைவரிசை இல்லை. 2007இல் எக்ஸ்பாக்ஸ் 360க்கும் 2009இல் ப்ளேஸ்டேஷன் 3க்கும் வந்தவை பளபளப்பானவை. மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் சுட்ட வடையை மறுபடி எண்ணெயில் போட்டதுபோல் இருந்தன. தகாஹாஷி 2010இல் நிறுவனத்தை விட்டு விலகிவிட்டார். 2025 அக்டோபரில் இளவரசனைக் காலப்பயணம் அனுப்பும் ‘ஒன்ஸ் அபான் எ கட்டமரி’ வந்திருக்கிறது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதலாவதன் மறுபதிப்பே போதும். ‘ரீரோல்’ என்ற பெயரில் 2018 டிசம்பரில் நின்டெண்டோ ஸ்விட்சுக்கும் கம்ப்யூட்டருக்கும் வந்தது, 2020இல் ப்ளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும். படம் தெளிவாகிவிட்டது. கேமரா அப்படியேதான் இருக்கிறது.

சிறுவர்களுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. மனிதர்கள் அலறிக்கொண்டு ஒட்டுவது முதலில் திகைப்பூட்டலாம், ஆனால் யாருக்கும் காயம் படுவதில்லை. வாசிக்கத் தெரியாத குழந்தைக்கு அரசர் பேச்சை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். நாடகக்குரலில் படித்தால் நல்லது. சிலருக்குத் தலை சுற்றும். திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து, இரண்டு கட்டத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்தால் தணியும்.

அணைத்த பிறகும் கண்ணில் படுவதை எல்லாம் உருட்டத் தோன்றுகிறதே?

எல்லோருக்கும் வருவதுதான், ஓரிரு நாள் இருக்கும். மேசையில் கிடக்கும் பேனா, சாவிக்கொத்து, சில்லறை இவற்றை எந்த வரிசையில் எடுப்பது என்று கண் தானாகவே அடுக்கும். நேற்றுச் சந்தையில் ஒரு மூன்று சக்கர வண்டி நிறைய வாழைத்தார் போயிற்று. வண்டியோடு சேர்த்து ஒட்ட எத்தனை பெரிய உருண்டை வேண்டும் என்று கணக்குப் போட்டபடி நின்றுவிட்டேன். மூன்று மீட்டர் இருந்தால் போதும்.